மணலில் புதைந்த பனிக்கட்டி: மாசசூசெட்ஸ் குளங்கள் வழியே ஐந்து நாள்

முதல் நாள், சனிக்கிழமை – கேம்பிரிட்ஜ்

பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள், சிவகங்கைச் சீமையின் கண்மாய்களை அளப்பதிலும் பழுது பார்ப்பதிலும் கழித்தவன் நான். ஆகவே எந்த நீர்நிலையைக் கண்டாலும் மூன்று கேள்விகள் என்னையறியாமல் எழுந்துவிடும்: வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மடை எங்கே இருக்கிறது, மிகுந்த நீர் எந்தக் கலுங்கு வழியாக வெளியேறுகிறது. பாஸ்டனுக்கு அருகே மகள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதி வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, இந்த மூன்றில் ஒன்றுக்கும் விடை கிடைக்கவில்லை. அம்மைத் தழும்பு விழுந்த முகத்தைப்போல, ஓடையோ வாய்க்காலோ தொடாத நீலப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடந்தன. "அதெல்லாம் யாரும் வெட்டினது இல்லப்பா, ஐஸ் போட்ட குழி" என்றாள் மகள். அவளுக்கு ஐந்து நாள் விடுப்பு கிடைத்தது. அந்தக் குழிகளை நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டோம். ஒவ்வொரு நாள் இரவும் அன்றன்று கண்டதை எழுதி இங்கே இடுகிறேன்.

இன்று பிற்பகல் பார்த்தது ஃப்ரெஷ் பாண்ட். 155 ஏக்கர் பரப்புள்ள இந்தக் குளம் கேம்பிரிட்ஜ் நகரத்தின் குடிநீர்த் தேக்கம் என்பதால் சுற்றிலும் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். வேலியை ஒட்டி இரண்டேகால் மைல் நடைபாதை. இப்போது மேற்கே உள்ள வேறு தேக்கங்களிலிருந்து குழாய் வழியாக இதற்கு நீர் வருகிறது. குழாய் மனிதர்கள் போட்டது. பள்ளம் மட்டும் பனியாற்றுக் காலத்தது. உள்ளே இறங்க முடியாத குளத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்தக் குளத்துக்கும் சென்னைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

பாஸ்டன் வணிகர் ஃப்ரெட்ரிக் டியூடர், குளிர்காலத்தில் இப்பகுதிக் குளங்களில் உறையும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1806இல் மார்டினிக் தீவுக்கு அனுப்பிய முதல் சரக்கு அவருக்கு நட்டத்தையே தந்தது. 1825இல் நத்தானியல் வையத் என்பவர் குதிரை இழுக்கும் பனி அறுப்புக் கலப்பையை உருவாக்கியதும் ஃப்ரெஷ் பாண்டின் பனி வேகமாகவும் மலிவாகவும் வெட்டப்படலாயிற்று. 1833இல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டி நான்கு மாதக் கடற்பயணம் செய்து கல்கத்தாவை அடைந்தபோது, அதில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் மிஞ்சியிருந்தது. மரத்தூளைச் சுற்றிலும் அடைத்து வெப்பமும் காற்றும் புகாமல் காத்ததே அதன் சூட்சுமம். சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், இப்படி வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக எழுந்த கட்டடம். ஐஸ் ஹவுஸ் நிறுத்தத்தில் பேருந்திலிருந்து எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். அந்தப் பெயரின் மறுமுனை கேம்பிரிட்ஜின் ஒரு கம்பிவேலிக்குப் பின்னால் கிடப்பதை இன்றுதான் பார்த்தேன்.

மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டி நான்கு மாதம் தாங்கியதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளை அது தேவைப்படும்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை – கான்கார்ட்

வால்டன் குளத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். வாகன நிறுத்தம் நிறைந்துவிட்டால் அதன்பின் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. அக்டோபர் தொடக்கத்துக் குளிரிலும் நாலைந்து பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள். நீர் கண்ணாடியைப்போல் தெளிந்திருந்தது. இறங்குகிற இடத்தில் முழங்கால் ஆழம் வரை ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணலாம். அங்கிருந்து சில அடிகள் தள்ளி நீரின் நிறம் சட்டென்று கருநீலமாகிவிடுகிறது.

முதலில் இந்தப் பள்ளம் உண்டான விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பனிக்காலத்தில் லாரண்டைட் என்று பெயரிடப்பட்ட பெரும் பனிவிரிப்பு கனடாவிலிருந்து தெற்கே பரவி, இன்றைக்குச் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் நான்டக்கெட், மார்த்தாஸ் வினியார்ட் தீவுகள் வரை வந்து நின்றது. பிறகு வெப்பநிலை கூடியபோது அதன் விளிம்பு வடக்கே பின்வாங்கத் தொடங்கியது. பின்வாங்கியது என்றால், படை திரும்பிப் போவதைப்போல வரிசையாகத் திரும்பிப் போகவில்லை. விளிம்பில் இருந்த பனி நகர்ச்சி நின்று, விரிசல் விட்டு, பெரும்பெரும் பாளங்களாகப் பிரிந்து அங்கங்கே கிடந்துவிட்டது. பின்னால் உருகிக்கொண்டிருந்த பனியிலிருந்து பாய்ந்த ஆறுகள், பனியாறு அரைத்து வைத்திருந்த மணலையும் சரளையையும் அடித்துவந்து அந்தப் பாளங்களைச் சுற்றியும் அவற்றின் மேலும் கொட்டின. பாளம் புதைந்தது. மரத்தூளுக்குள் இருந்த பனிக்கட்டி நான்கு மாதம் தாங்கியதென்றால், பல அடி மணலுக்குள் புதைந்தது தலைமுறை தலைமுறையாகத் தாங்கும் அல்லவா? சில பாளங்கள் உருகி முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகியிருக்கலாம் என்கிறார்கள். உள்ளிருந்த பனி மெல்ல உருகி வடிந்ததும், மேலே இருந்த மணல் இடிந்து உள்ளே இறங்கியது. அப்படி விழுந்த பள்ளத்தின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போயிருந்தால், கிணற்றில் ஊறுவதைப்போல அதில் தானாக நீர் ஊறியது. இவ்வகைப் பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் கெட்டில் என்று பெயர். இங்கே ஊர்க்காரர்களும் கெட்டில் பாண்ட் என்றே சொல்கிறார்கள்.

ஆக, இந்தக் குளத்தைப் பனியாறு தோண்டவில்லை. கிளம்பிப் போகும்போது அது விட்டுவிட்டுப்போன ஒரு துண்டின் அச்சு இது. வெல்லக் கட்டியை எறும்பு தின்று தீர்த்த பிறகும் மாவில் அதன் குழி மிஞ்சுவதைப்போல.

வால்டன் பகுதி அப்போது கிளேசியல் லேக் சட்பரி என்ற தற்காலிகப் பனியேரியின் ஓரமாக இருந்தது. உருகுநீர் ஆறு அந்த ஏரியில் கொட்டிய மணல்மேட்டுக்குள்தான் பாளங்கள் புதைந்தன. பாளங்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளத்தின் அடித்தளம் ஒரே கிண்ணமாக இல்லாமல் தனித்தனி ஆழங்களாகப் பிரிந்திருக்கிறது. மிக ஆழமான இடம் 102 அடி. அதை முதலில் துல்லியமாக அளந்தவர் ஹென்றி டேவிட் தோரோ. அவரை எழுத்தாளராக அறிந்தவர்கள் பலர்; நில அளவை அவருடைய தொழில்களில் ஒன்று என்பது அத்தனை பேருக்குத் தெரிந்திருக்காது. 1846இன் தொடக்கத்தில், பனி உடைவதற்கு முன், உறைந்த குளத்தின்மேல் நடந்து துளைகள் இட்டு, தூண்டில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார். அடியே இல்லாத குளம் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததாம். அவர் கண்ட 102 அடியிலிருந்து இன்றைய கருவிகள் காட்டும் ஆழம் பெரிதாக விலகவில்லை. கண்மாய்களில் அளவுக்கோல் பிடித்த எனக்கு, கயிற்றையும் கல்லையும் வைத்துக்கொண்டு இந்தத் துல்லியம் வந்ததைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அதே 1846இன் இலையுதிர்காலத்தில்தான், பனிக்காலக் கொள்கையைப் பரப்பிய சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி அகாசி பாஸ்டனில் வந்து இறங்கினார். வடக்கு நிலப்பரப்புகள் ஒரு காலத்தில் பனியால் மூடியிருந்தன என்று அவர் 1840இல் எழுதியிருந்தார். அக்கருத்து அப்போது எங்கும் முழுதாக ஏற்கப்பட்டிருக்கவில்லை. குளத்தின் ஆழம் அளக்கப்பட்டுவிட்டது, ஆனால் குழி விழுந்த கதை ஊருக்குள் பரவக் காலம் பிடித்தது. அடுத்த குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் ஏறத்தாழ நூறு பேர் வால்டனுக்கே வந்து பனி அறுத்து அடுக்கினார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

குளத்தைச் சுற்றி நடந்தோம். 1.7 மைல். என் மூன்று கேள்விகளோடு நடந்து முடித்தபோது, வரத்துக்காலும் இல்லை, கலுங்கும் இல்லை என்பது உறுதியாயிற்று. உள்ளே வரும் நீரில் பாதிக்குச் சற்று மேல் நேரடியாக விழும் மழையும் பனியும். மிச்சம் நிலத்தடி நீர், கிழக்குக் கரையின் அடியில் ஊறி நுழைகிறது. வெளியேறுவதும் மணல் வழியாகவே, மேற்குப் பக்கமாக. குளத்துக்குள் வந்த நீர் சராசரியாக ஐந்து ஆண்டுகள் தங்கிப் போகிறது என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை கணக்கிட்டிருக்கிறது. அதாவது இது நிலத்தடி நீர் சற்று நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணுக்குள் போகும் இடம். இப்படி மெதுவாக மாறும் நீரில் எது விழுந்தாலும் எளிதில் வெளியேறாது. கோடையில் குளத்துக்குச் சேரும் பாஸ்பரஸில் பெரும்பங்கு நீந்துகிறவர்கள் நீருக்குள்ளேயே சிறுநீர் கழிப்பதால் வருகிறது என்பதும் அதே துறையின் கண்டுபிடிப்பு. எந்த ஊரானாலும் குளத்தில் இறங்குகிறவர்களின் பழக்கம் ஒன்றுதான் போலிருக்கிறது.

கரைச்சரிவை ஒட்டிச் சற்று நேரம் நின்றேன். பாதையிலிருந்து நீருக்கு இறங்கும் சரிவு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருக்கிறது. லாரியிலிருந்து கொட்டிய ஆற்றுமணல் தானாகச் சரிந்து எந்தச் சாய்வில் நிற்குமோ, கிட்டத்தட்ட அந்தச் சாய்வு. காலணி முனையால் இலைச் சருகை விலக்கியபோது நான்கு விரற்கடைக்குக் கீழே பழுப்பு மணல், அரிசிக் குருணை அளவில், கழுவியெடுத்ததைப்போல் களிமண் கலக்காமல் இருந்தது. ஆறு சலித்துப் போட்ட மணல் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பனியாறு நேராக விட்டுச்செல்லும் படிவில் களியும் கல்லும் பாறையும் ஒன்றாகக் கலந்திருக்கும்; இதில் நீர் கை வைத்திருக்கிறது.

தோரோவின் வீடு இருந்த இடத்துக்கு அருகே வைமன் மெடோ என்று ஒரு சிறிய பள்ளம். அதுவும் ஒரு சிறு பாளத்தின் குழிதான், ஆனால் ஆழம் போதவில்லை. நீர்மட்டம் உயர்ந்த ஆண்டுகளில் குளமாகவும், தாழ்ந்த ஆண்டுகளில் புல்வெளியாகவும் மாறி மாறி இருக்குமாம். காட்டுக்குள் இன்னும் சிறிய குழிகளும் உண்டு. கறுத்த இலைகள் படிந்து இப்போது காய்ந்து கிடக்கின்றன. வசந்தத்தில் பனி உருகியதும் இத்தகைய பள்ளங்களில் சில மாதம் நீர் நிற்கும். ஆண்டுதோறும் வற்றுவதால் மீன் வாழ வழியில்லை. மீன் இல்லாததால் காட்டுத் தவளைகளும் புள்ளிச் சாலமாண்டர்களும் அங்கே தேடி வந்து முட்டையிடுகின்றன. வற்றுவதே அந்தக் குட்டைக்கு வரம்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை – கார்வர், பிளைமவுத்

பாஸ்டனுக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணம். நிலம் முழுக்க மணல், பைன் மரங்கள், இடையிடையே கருஞ்சிவப்பு வயல்கள். கிரான்பெர்ரி அறுவடைக் காலம்.

கார்வர் அருகே சாலையோரம் ஒரு வயலில் வேலை நடந்துகொண்டிருந்தது. அனுமதி கேட்டதும் வரப்பில் நின்று பார்க்கச் சொன்னார்கள். வயல் சுற்றுநிலத்தைவிட ஓர் ஆள் ஆழம் தாழ்ந்து, தட்டுப்போல் சமமாக இருக்கிறது, சுற்றிலும் வாய்க்கால். கொடிகளின் உயரத்துக்கு நீர் விட்டு, சுழலும் சட்டங்கள் பொருத்திய வண்டியை ஓட்டிப் பழங்களைக் கொடியிலிருந்து விடுவிக்கிறார்கள். பிறகு இன்னும் நீர் ஏற்றினால் பழங்கள் மிதந்து மேலே வந்துவிடுகின்றன. மிதக்கும் தடுப்பை வளைத்துக் கட்டி அவற்றை ஒரு மூலைக்கு ஒதுக்கி, குழாயால் உறிஞ்சி லாரியில் ஏற்றுகிறார்கள். வரப்புக்கு ஒதுங்கியிருந்த பழம் ஒன்றை எடுத்து, மகள் கைப்பையிலிருந்த சிறு கத்தியால் குறுக்காக வெட்டிப் பார்த்தேன். உள்ளே நான்கு வெற்றறைகள், பூவரசங்காய் வெட்டியதைப்போல. பழம் மிதப்பது அந்த அறைகளில் உள்ள காற்றினால். வாயில் போட்டபோது புளிப்பைவிடத் துவர்ப்பே முந்திக்கொண்டது. ஊறுகாய்க்கு ஆகும் என்று மகளிடம் சொன்னேன்.

நான் அசைந்துபோனது வேறொன்றைப் பார்த்து. வயலுக்கும் மேலே உள்ள நீர்க்குட்டைக்கும் இடையில் ஒரு கட்டுமானம்: இரு பக்கமும் காடி வெட்டியிருக்கிறது, அந்தக் காடியில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி நீரின் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்கள். ஃபுளூம் என்று பெயர் சொன்னார் அங்கிருந்த முதியவர். நான் இதைப் பலகை மடை என்பேன். இரண்டு நாளாக மடையில்லாத குளங்களையே பார்த்துவந்த கண்ணுக்கு, நெருங்கிய உறவினரை வெளியூர்ச் சந்தையில் கண்டதைப்போல இருந்தது. கூர்ந்து பார்க்கக் குனிந்ததில் வலது கால் வாய்க்கால் ஓரத்தில் கணுக்கால் வரை புதைந்து, காலணியை மட்டும் சேறு பிடித்துக்கொண்டது. கறுப்பாக, நார்நாராக, அழுகல் நாற்றம் இல்லாத சேறு. அதுதான் பீட்.

பீட் என்பது முழுதாக மட்காமல் படிந்துபோன தாவரக் கழிவு. ஆழமற்ற பனிக்குழிகளில் நீர் அசையாமல் நிற்கும்; அடியில் ஆக்சிஜன் இருக்காது; ஸ்பாக்னம் என்ற பாசி கரையிலிருந்து வளர்ந்து நீரை அமிலமாக்கும். அந்தச் சூழலில் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடுவதால், செத்த பாசியும் இலையும் ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். ஆழமான குழி வால்டனாக நின்றது. ஆழம் குறைந்த குழி இப்படித் தன்னைத் தானே நிரப்பிச் சதுப்பாயிற்று. கிரான்பெர்ரி இந்த மண்ணின் சொந்தக் கொடி. அமில மண், நிறைய நீர், அடிக்கடி புதுமணல் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். 1816இல் டென்னிஸ் என்ற ஊரில் ஹென்றி ஹால் என்பவர், காற்று வாரிக்கொண்டுவந்து கொட்டிய மணலுக்கு அடியில் காட்டுக் கொடிகள் முன்னைவிடச் செழித்ததைக் கவனித்தார். சாகுபடி அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்கிறார்கள். இன்றும் குளிர்காலத்தில் வயலை நீரால் மூடி உறையவிட்டு, அந்தப் பனியின்மேல் மணலைப் பரப்புகிறார்கள். பனி உருகியதும் மணல் சீராகக் கொடிகளின்மேல் இறங்கிவிடும். பனியும் மணலும் சேர்ந்து இந்த நிலத்தை உருவாக்கிய முறையை, இவர்கள் தெரிந்தோ தெரியாமலோ சிறிய அளவில் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பள்ளம், பீட், மணல், பக்கத்திலேயே நீர்க்குட்டை. இந்த நான்கும் ஒரே இடத்தில் அமைந்தது பனியாற்றின் தயவு. ஆனாலும் இங்கே விவசாயம் தளர்ந்துவருகிறது. விஸ்கான்சின் மாநிலம் இப்போது அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் தருகிறது. இங்குள்ள பழைய, சிறிய, கோணல்மாணலான வயல்கள் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. (அவை கோணலாக இருப்பதற்குக் காரணம் அவை பனிக்குழியின் வடிவிலேயே அமைந்தவை என்பது.)

கைவிடப்பட்ட வயலுக்கு என்ன ஆகும் என்பதைப் பிற்பகலில் பிளைமவுத்தின் மனமெட் பகுதியில் உள்ள டிட்மார்ஷில் பார்த்தோம். பெரிய கிரான்பெர்ரிப் பண்ணையாக இருந்த இடம். சாகுபடி நின்றபின் ஓடையின் குறுக்கே இருந்த தடுப்பணைகளை அகற்றி, நேராக வெட்டிய வாய்க்காலைத் தூர்த்து, ஓடையைப் பழையபடி வளைந்து போகவிட்டு, 2017இல் மாஸ் ஆடுபான் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சரணாலயமாகத் திறந்தார்கள். என் பணிக்காலம் முழுதும் வளைந்ததை நேராக்கியவன் நான். இங்கே அரசுப் பணத்தில் நேரானதை வளைத்திருக்கிறார்கள். பல தலைமுறைகளாகக் கொட்டிச் சமன்செய்த மணலைக் கிளறி மேடும் பள்ளமுமாக்கியபோது, அடியில் பீட்டுக்குள் உறங்கிக் கிடந்த சதுப்புச் செடிகளின் விதைகள் தாமாகவே முளைத்தனவாம். சிவப்பு மேப்பிள் மரங்கள் ஈரமான இடங்களில் மட்டும் முன்கூட்டியே சிவந்திருந்தன. நீர் எங்கே தேங்குகிறது என்பதைத் தூரத்திலிருந்தே மரத்தின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

காலணி இன்னும் காயவில்லை.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை – புரூஸ்டர்

நாள் முழுக்க மழை, சுருக்கமாகவே எழுதுகிறேன்.

கேப் காட் தீபகற்பத்துக்குள் நுழைந்ததும் 6ஆம் எண் நெடுஞ்சாலை ஒரு நீண்ட மேட்டின் முதுகில் ஏறுகிறது. சாண்ட்விச் மொரெய்ன் என்பது அதன் பெயர். பனியாற்றின் முன்விளிம்பு தள்ளிக் குவித்த கரை. சாலையின் தெற்கே நிலம் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அது உருகுநீர் பரப்பிய மணற்சமவெளி, அதில்தான் குழிகள் மிகுதி. கேப் காடில் ஏறத்தாழ 900 முதல் 1,000 குளங்கள் வரை எண்ணுகிறார்கள், எவ்வளவு சிறியதைக் குளம் என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்து.

நிக்கர்சன் பூங்காவில் ஏறத்தாழ 200 ஏக்கருள்ள கிளிஃப் பாண்டின் கரையில் குடையோடு நின்றோம். நீர் சற்று வடிந்திருந்தது; மணற்கரை அகலமாகத் தெரிந்தது, அதில் வண்டி அளவுள்ள பாறைகள். அவ்வளவு மழையிலும் சரிவில் ஒரு சிற்றோடைகூட உருவாகவில்லை, விழுந்ததையெல்லாம் மணல் குடித்துவிடுகிறது. இந்தத் தீபகற்பத்தின் குடிநீர் முழுவதும் அந்த மணலுக்குள் இருப்பதுதான். உப்பு நீரின்மேல் நல்ல நீர் ஆடிவில்லைபோல மிதந்து நிற்கிறது, குளங்கள் அதன் திறந்த கண்கள். 1982இல் இதற்கு மாற்றில்லாத ஒரே நீராதாரம் என்ற தகுதியை மத்திய அரசு அளித்தது. ஆனால் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். மழைநீரைக் குடிக்கும் அதே மணல் கழிவுநீரையும் குடித்து, அதிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் குளத்துக்கும் கடற்கழிக்கும் கொண்டு சேர்க்கிறது. கோடையில் பல குளங்களில் நீலப்பச்சைப் பாசி பெருகி, இறங்காதே என்று பலகை வைக்கும் நிலை.

வடியும் நீர் எப்போதும் கேடில்லை. நீர்மட்டம் ஏறி இறங்கும் இந்த மணற்கரைக்கே உரிய செடிகள் உண்டு. பிளைமவுத் ஜென்ஷியன் என்ற இளஞ்சிவப்புப் பூச்செடி, நீர் வடிந்த கோடையில் கரையில் முளைத்துப் பூக்கும்; நீர் உயர்ந்தே இருக்கும் ஆண்டுகளில் விதை மண்ணுக்குள் காத்திருக்கும். பருவம் முடிந்துவிட்டதால் எங்களுக்குக் காணக் கிடைக்கவில்லை. குளத்தை எப்போதும் நிரப்பியே வைத்தால், அல்லது கிணறுகள் போட்டு எப்போதும் வற்றவைத்தால், இரண்டிலும் அது அழியும். பிளைமவுத்தைச் சுற்றியுள்ள குளங்களில் ஒரு செவ்வயிற்று ஆமையும் இதேபோல் அருகியிருக்கிறது. அதற்காகவே 1983இல் மாசசாய்ட் என்ற பெயரில் ஒரு தேசிய வனவிலங்குக் காப்பகம் ஏற்படுத்தினார்கள்.

ஒரு சட்டச் செய்தி, பழைய பழக்க தோஷத்தில்: பத்து ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கைக் குளம் எதுவும் இந்த மாநிலத்தில் பொதுச்சொத்து. 1640களின் குடியேற்றக் கால ஆணையிலிருந்து வரும் உரிமை இது. கரை தனியார் கையில் இருக்கலாம், குளம் ஆகாது.

ஐந்தாம் நாள், புதன்கிழமை – ஈஸ்ட்ஹாம், வெல்ஃப்ளீட்

வானம் வெளுத்துவிட்டது. ஈஸ்ட்ஹாமில் டோன் ராக் என்ற பாறையை வழியில் பார்த்தோம். தரைக்கு மேலே மட்டும் 18 அடி. மணலால் ஆன ஊரில் இப்படி ஒரு பாறையைக் கொண்டுவந்து வைக்கப் பனியாற்றைத் தவிர வேறு சுமையாள் கிடையாது.

அதற்கு அருகிலேயே சால்ட் பாண்ட். வட்ட வடிவிலிருந்தே அதன் பிறப்பு தெரிந்துவிடுகிறது. மற்றவற்றைப்போலவே இதுவும் பனிக்குழிதான், நன்னீர்க் குளமாகத்தான் இருந்திருக்கும். பனி உருகி உலகக் கடல்களின் மட்டம் உயர்ந்துவந்தபோது கடல் ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டது. இப்போது ஓதம் ஏறி இறங்குகிறது. குறுகிய வாய்க்கு அப்பால் நாசெட் உவர்ச் சதுப்பு மஞ்சள் புல்லாக விரிந்து கிடக்கிறது. பனியால் பிறந்த குளத்தை, உருகிய அதே பனியின் நீர் கடலாக வந்து எடுத்துக்கொண்டது.

வெல்ஃப்ளீட்டில் ஒரு விசித்திரம். மற்ற இடங்களில் மணற்சமவெளி தெற்கே சரியும், இங்கே அது கிழக்கிலிருந்து மேற்கே சரிகிறது. மணலைக் கொட்டிய பனிமடல், அதாவது பனிவிரிப்பின் நாக்குப்போல நீண்ட பகுதி, கிழக்கே நின்றது. அது நின்ற இடம் இன்று அட்லாண்டிக் கடல். மணலை அனுப்பிய மேட்டைக் காணோம், மணல் மட்டும் இருக்கிறது.

இந்த ஐந்து நாளில் என் மனத்தில் அதிகம் தங்கியது வெண்செடார்ச் சதுப்பு. மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி நிலையம் இருந்த இடத்திலிருந்து பாதை தொடங்குகிறது. முதலில் இடுப்பளவு குட்டையான ஓக்கும் பைனும், காலடியில் வறண்ட மணல், முகத்தில் வெயில். நிலம் இறங்க இறங்க மரங்கள் உயர்கின்றன, பிறகு சட்டென்று பலகைப் பாதை. ஐம்பது அடிகளுக்குள் வெளிச்சம் பாதியாகக் குறைந்து காற்று நின்றுவிட்டது. செடார் மரங்கள் நெருக்கமாக, நேராக, ஒவ்வொன்றும் பாசி பிடித்த ஒரு திட்டில் ஏறி நிற்கின்றன. திட்டுகளுக்கு இடையே நீர் கட்டஞ்சாயா நிறத்தில், அடி தெரியாமல். பலகையில் மண்டியிட்டு, ஓரத்தில் தொங்கிய ஸ்பாக்னம் கற்றையை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினேன். பஞ்சைப் பிழிந்ததைப்போல நீர் வழிந்து முழங்கை வரை ஓடியது. விரலை எடுத்ததும் கற்றை தானாக உப்பிப் பழைய வடிவுக்கு வந்துவிட்டது. முகர்ந்தால் மழைக்குப் பிந்திய மரக்கடை வாசம்.

நான் மண்டியிட்டிருந்த பலகைக்குக் கீழே சில இடங்களில் பீட் 24 அடி கனத்துக்கு இருக்கிறது. இதுவும் புதைந்த பாளம் விட்ட குழியே. கடல்மட்டம் உயர்ந்தபோது அதன்மேல் மிதக்கும் நன்னீரும் உயர்ந்து குழிக்குள் ஊறியது. நீர் ஏறிய வேகத்துக்குப் பீட்டும் வளர்ந்து ஈடுகொடுத்ததால், குளமாகவும் நிற்காமல், தரையாகவும் மாறாமல், இரண்டுக்கும் நடுவே செடார் காடு நிற்கிறது. நீர் கொஞ்சம் வேகமாக ஏறினால் மரம் மூழ்கும், வற்றினால் பீட் மட்கத் தொடங்கும். குடியேறிகள் கூரை ஓட்டுக்கும் வேலிக் கம்பத்துக்கும் இம்மரத்தை வெட்டித் தீர்த்தார்கள். அழுகாத மரம் என்பதால் வந்த ஆபத்து அது.

வெளியே வந்து கடலோர மணல்மேட்டின் செங்குத்து விளிம்புக்குப் போனோம். 1903இல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து மன்னருக்கு அதிபர் ரூஸ்வெல்டின் கம்பியில்லாச் செய்தி போனது இங்கிருந்துதான். நிலையத்தின் பெரும்பகுதி இப்போது கடலில். விளிம்பு ஆண்டுக்குச் சராசரியாக மூன்று அடி உள்வாங்குகிறது. கீழே அலை அடித்த இடத்திலெல்லாம் மணல் கையகல ஓடையாக ஓயாமல் சரிந்துகொண்டிருந்தது. வால்டன் கரையில் பார்த்த அதே சாய்வு. செடார்ச் சதுப்பு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று மகளிடம் கேட்டேன். அவள் கைபேசியில் அளந்து பார்க்கத் தொடங்கினாள். நான் மனத்துக்குள் அதை மூன்றால் வகுக்க ஆயத்தமானேன்.